பண நெருக்கடியும் வகுப்புரிமையும்

சர்க்கார் கஜானாவில் பணமுடை என்ற பேச்சு எழும்போதெல்லாம், அதன் வாலைப் பிடித்துக் கொண்டு இன்னொரு பேச்சும் எழுவது நமது நாட்டில் வழக்கமாகிவிட்டது. அதாவது, “நாடு இருக்கும் இருப்பில் ஜாதி பார்த்து உத்தியோகம் கொடுத்துக் கொண்டிருக்க முடியுமா? திறமைசாலியை எடுத்து நிர்வாகத்தை நிமிர்த்துவதல்லவா முதல் வேலை? வகுப்புரிமையை நல்ல காலம் வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம்” என்பதாகும். இதன் பொருள் என்னவென்றால், வீட்டில் அரிசி குறைந்தால் கடைசிப் பந்தியில் உட்காருகிறவனே முதலில் பட்டினி கிடக்க வேண்டும் என்பதுதான். முதல் பந்தியில் உட்காருகிறவனுக்கு மாத்திரம் பஞ்சம் என்பது எந்தக் காலத்திலும் இலைக்கு வருவதில்லை.

ஆனால், சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் நமக்கே ஆச்சரியமாயிருக்கின்றது. நமது மாகாணத்தில் வகுப்புவாரி உரிமை என்பது நூறு வருஷ காலத்தில் எத்தனையோ பண நெருக்கடிகளைக் கண்டிருக்கின்றது. அந்த நெருக்கடிகளில் எதுவும் அதை அழிக்கவில்லை. அப்படியானால் நாம் நிம்மதியாகத் தூங்கலாமா என்றால், கூடாது என்றுதான் சொல்லுவோம். ஏன் கூடாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

முதலில் பழைய கணக்கை ஞாபகப்படுத்திக் கொள்ளுவோம். 1912ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த 140 டிப்டி கலெக்டர்களில் 77 பேர் பார்ப்பனர்கள். 18 சப் ஜட்ஜுகளில் 15 பேரும், 128 ஜில்லா முன்சீப்புகளில் 93 பேரும் அவர்களே. ஜனத்தொகையில் நூற்றுக்கு மூன்று பேராக இருந்த ஒரு வகுப்பார் நியாய ஸ்தலங்களில் நூற்றுக்கு எழுபதும் எண்பதும் ஆக இருந்தார்கள். அப்போது இதற்குப் பெயர் ‘திறமை’ என்பதாகும். இந்தக் கணக்கையே 1916இல் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கை நாட்டின் முன் வைத்தது. 1920இல் ஜஸ்டிஸ் கட்சி பதவிக்கு வந்தது. 1921இலும் 1922இலும் வகுப்புவாரி உத்தரவுகள் பிறந்தன. என்றாலும் அவை பெரும்பாலும் காகிதத்திலேயே தூங்கின. 1928இல் முத்தையா முதலியார் மந்திரியான பிறகுதான் அந்த உத்தரவுக்கு உயிர் வந்தது. 12 இடங்கள் காலியானால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்கு 2, தாழ்த்தப்பட்டவர்களுக்கு 1 என்று முறை வைக்கப்பட்டது.

இந்த உத்தரவின் மை காய்வதற்குள் வந்ததுதான் 1929இல் உலகத்தைப் பிடித்த பண நெருக்கடி. நெல் விலை சில வருஷங்களில் பாதிக்குப் பாதியாக விழுந்தது. மதுரைக்குத் தெற்கே கரிசல் காட்டில் பருத்தி போட்ட சம்சாரிக்கு, பஞ்சு எடுக்கும் கூலிக்கும் விலை கட்டவில்லை. மலாய் நாட்டு ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிகள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்திய சர்க்கார் 1931இல் தம் சிப்பந்திகளின் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டிற்று. ரயில்வேக்களில் பல்லாயிரம் தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த 1931ஆம் வருஷத்திலேயே, நமக்குப் பக்கத்து விருதுநகரில் சுயமரியாதை மாநாடு கூடிற்று என்பதையும் இங்கே நினைவூட்டுகின்றோம்.

இவ்வளவு பெரிய புயலில் நேற்று நட்ட செடியாகிய வகுப்புவாரி உத்தரவு சாய்ந்திருக்க வேண்டுமே! சாயவில்லை. முனுசாமி நாயுடு மந்திரிசபையிலும் பொப்பிலி ராஜா மந்திரிசபையிலும் அது நின்றது. 1937இல் ஜஸ்டிஸ் கட்சி அடியோடு தோற்று, ஆச்சாரியார் காங்கிரஸ் மந்திரிசபை அமைத்தபோதும் நின்றது. 1939இல் மந்திரிசபை விலகி, யுத்த காலம் முழுதும் கவர்னரும் ஆலோசகர்களும் ஆண்டபோதும் நின்றது. 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன்மந்திரியாக இருந்தபோது அது 14 இடங்கள் கொண்ட முறையாகத் திருத்தப்பட்டு, பிற்பட்ட இந்துக்களுக்குத் தனியாக 2 இடமும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு 2 இடமும் ஏற்பட்டன. வேண்டியவன், வேண்டாதவன், வெள்ளைக்காரன் ஆகிய மூவர் கையிலும் ஓர் உத்தரவு பிழைத்திருக்கின்றது என்றால், அதற்குக் காரணம் யாருடைய நல்ல மனசும் அல்ல என்பது தெளிவு. பின் என்ன காரணம்?

முதலாவது காரணம், இந்த உரிமையைக் கொடுப்பதால் கஜானாவிற்கு ஒரு காசும் செலவில்லை. பள்ளிக்கூடம் கட்டப் பணம் வேண்டும். ரோடு போடப் பணம் வேண்டும். காலியான ஓர் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு என்ன பணம் வேண்டும்? ஒரு நோட்டுப் புஸ்தகமும், அதில் முறை எழுத ஒரு பேனாவும் போதும். ஆகையால், சிக்கனம் என்ற பெயரால் இதை வெட்ட வருகிறவனுக்கு, வெட்டி மிச்சம் காட்ட ஒன்றுமே இல்லாமற் போய்விட்டது.

இரண்டாவது காரணம், அந்த நோட்டுப் புஸ்தகம் மந்திரியின் மேஜையில் இல்லாமல் ஒரு ஸ்தாபனத்தின் கையில் இருந்ததாகும். சென்னை சட்டசபை 1929இல் சட்டம் செய்து சர்வீஸ் கமிஷனை ஏற்படுத்திற்று. அன்று இந்தியாவில் வேறு எந்த மாகாணத்திலும் அப்படி ஒன்று இருக்கவில்லை. கமிஷனில் இருக்கிறவர் மாறலாம், மந்திரி மாறலாம். ஆனால் ஐந்தாவது இடம் யாருக்கு, ஆறாவது இடம் யாருக்கு என்று எழுதப்பட்ட முறை மாறுவதில்லை. மனிதனின் தயவில் இருப்பது சலுகை. பதிவேட்டில் ஏறியிருப்பதுதான் உரிமை.

இதற்கு நம் ஊரையடுத்தே ஓர் அத்தாட்சி இருக்கின்றது. 1920 ஏப்ரல் 3ந் தேதி, குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த குற்றத்திற்காகப் பெருங்காமநல்லூரில் ஜனங்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பின் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரால் பள்ளிக்கூடங்கள் ஏற்பட்டன. அன்று அதை ஏற்படுத்தின வெள்ளைக்கார சர்க்காரின் நோக்கம் எப்படியிருந்தாலும், 1930களின் பண நெருக்கடியும் யுத்தமும் அப்பள்ளிகளைத் துடைத்துவிடவில்லை. 1947இல் குற்றப்பரம்பரைச் சட்டமே போய்விட்டது, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. காரணம், அவற்றுக்குச் சுவர் இருந்தது, வாத்தியார் இருந்தார், வருகைப் பதிவேடு இருந்தது, மூடினால் கேட்க ஜனங்கள் இருந்தார்கள்.

மூன்றாவதும் முக்கியமானதுமான காரணம் ஓட்டு ஆகும். 1950இல் சென்னை ஹைக்கோர்ட்டும் 1951 ஏப்ரல் 9ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் வகுப்புவாரி உத்தரவு செல்லாதென்றன. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, ஜூன் 18ந் தேதிக்குள், அதாவது எழுபதே நாட்களில், அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. நாடெங்கும் உணவுப் பங்கீட்டுக் கார்டு பிடித்துக் கொண்டு நின்ற காலம் அது என்பதை மறக்கக் கூடாது. பிறகு, 1979இல் எம்.ஜி.ஆர். சர்க்கார், வருஷம் 9,000 ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள பிற்பட்டோருக்கு இடஒதுக்கீடு இல்லை என்று உத்தரவு போட்டது. “ஏழைக்குத்தானே கொடுக்க வேண்டும்” என்று கேட்க அது நியாயம் போலவே இருந்தது. ஆனால் பல தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்ட ஜாதியான் ஒருவன் மாதம் நாலு காசு கூடச் சம்பாதித்த மாத்திரத்தில் அவன் ஜாதி உயர்ந்துவிடுமா? 1980 ஜனவரி பார்லிமெண்டு தேர்தலில் ஆளுங்கட்சிக்குத் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 2 இடங்களே கிடைத்தன. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், சர்க்கார் எதைப் பாடமாக எடுத்துக் கொண்டது என்பது அடுத்த காரியத்தில் தெரிந்தது. வருமான உத்தரவு வாபசாயிற்று. 31 சதவிகிதமாக இருந்த பிற்பட்டோர் ஒதுக்கீடு 50 ஆயிற்று.

இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். நல்ல காலத்தில் பார்த்துக் கொள்ளலாம் என்கிறார்களே, இந்த உரிமைகளில் எது நல்ல காலத்தில் பிறந்தது? இந்திய சர்க்கார் வேலைகளில் முஸ்லிம்களுக்கு 25 சதவிகிதம் ஒதுக்கியது 1934இல், நெருக்கடியின் நடுவில். தாழ்த்தப்பட்டவர்களுக்கு எட்டேகால் சொச்சம் சதவிகிதம் முதன்முதலாகக் கிடைத்தது 1943இல், டாக்டர் அம்பேத்கார் வைசிராய் சபையில் தொழில் மெம்பராக இருந்தபோது. அது யுத்த காலம். வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பஞ்சத்தில் மடிந்த வருஷம். மண்டல் சிபாரிசுப்படி 27 சதவிகிதம் என்று வி.பி. சிங் அறிவித்தது 1990இல். அதைச் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக் கொண்டது 1992இல். இடையில் 1991இல்தான் தேசத்தின் தங்கம் அந்நிய நாட்டு பாங்கியில் அடகு வைக்கப்பட்டது. அருந்ததியருக்கு 3 சதவிகித உள்ஒதுக்கீடு வந்தது 2009இல், அமெரிக்க பாங்கிகள் கவிழ்ந்து உலகமெல்லாம் வியாபாரம் படுத்திருந்த சமயம். நல்ல காலத்தில் மேலே இருக்கிறவன் கீழே பார்ப்பதில்லை. கஷ்ட காலத்தில்தான் கீழே இருக்கிறவனின் கூச்சல் அவன் காதில் விழுகின்றது.

இதுவரை சொன்னது நமது பக்கத்து வெற்றி. இனிமேல் சொல்வதுதான் நாம் கவலைப்பட வேண்டியது.

நெருக்கடிகள் வகுப்புரிமையைத் தொடவில்லை, மெய்தான். அவை தொட்டது உத்தியோகத்தை! விதி அப்படியே இருக்க, விதி பாய வேண்டிய இடம் மறைந்து போகின்றது. பன்னிரண்டில் ஒன்று தாழ்த்தப்பட்டவனுக்கு என்றால், பன்னிரண்டு இடங்கள் காலியானால்தானே அந்த ஒன்று உண்டு? காலியிடமே இல்லையென்றால், பன்னிரண்டில் ஆறு என்று எழுதி வைத்தாலும் என்ன பிரயோஜனம்? அத்துடன், ஆட்குறைப்பு என்று வந்தால் கடைசியில் வந்தவனை முதலில் அனுப்புவதே வழக்கம். கடைசியில் வந்தவன் யார்? உத்தரவு வந்த பிறகு உள்ளே நுழைந்த புது வகுப்பான்தான். ஆகவே, ஜாதிப் பெயரையே சொல்லாத ஒரு சிக்கன உத்தரவு, ஜாதி பார்த்து வெட்டியதைப் போன்ற பலனைக் கொடுத்துவிடுகின்றது.

இது பழங்கதையல்ல. 69 சதவிகித ஒதுக்கீட்டை 1994இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துப் பூட்டு போட்டுவிட்டோம் என்று மகிழ்ந்தோம். பூட்டு பலமானதுதான். ஆனால் 2001இல் கஜானா காலி என்று சொல்லி, ஆசிரியர், மருத்துவர், போலீசார் போன்ற சில வேலைகள் நீங்கலாகப் புதிதாக ஆள் எடுப்பதையே சர்க்கார் நிறுத்திற்று. 2006 வரை அந்தத் தடை நீடித்தது. அந்த ஐந்து வருஷமும் 69 சதவிகிதம் சட்டத்தில் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் வயதுவரம்பு கடந்துபோன பிள்ளைகளுக்கு அது எதைக் கொடுத்தது? பிறகு 2020இல் கொரோனா வந்தது. ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆகி, 2021இல் 60 ஆயிற்று. ஓய்வு பெறுகிறவர்களுக்கு உடனே கொடுக்க வேண்டிய பணம் தள்ளிப் போயிற்று. காலியிடமும் தள்ளிப் போயிற்று. அதே 2020இல், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகிதம் ஒதுக்கி நல்லதொரு சட்டமும் வந்தது. ஒரு கை கொடுக்க, மறு கை கதவைச் சாத்திற்று. இரண்டையும் செய்தது ஒரே சர்க்கார்தான்.

மத்திய சர்க்காரின் கதை இதைவிடப் பெரியது. அவர்களுடைய பொதுத்துறைக் கம்பெனிகளில் 1991இல் ஏறத்தாழ 22 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். இருபது வருஷத்தில் அது ஏறத்தாழ 14 லட்சமாகிவிட்டது. 27 சதவிகிதம் உள்ளே வருகின்ற வாசலில் பங்குகள் வெளியே விற்கப்பட்டன. விற்கப்பட்ட கம்பெனி தனியார் கைக்குப் போன அன்றே அங்கே வகுப்புரிமை என்ற பேச்சும் முடிந்துவிடுகின்றது. ஆபீசைக் கூட்டுகிற வேலை, காவல் வேலை, தெருக் குப்பை அள்ளுகிற வேலை ஆகியவையும் காண்ட்ராக்டர் கைக்குப் போய்க் கொண்டிருக்கின்றன. வேலை சர்க்கார் வேலை. பணம் ஜனங்களின் வரிப்பணம். ஆள் மாத்திரம் காண்ட்ராக்டரின் ஆள். அவனிடம் முறை எழுதிய நோட்டுப் புஸ்தகம் இல்லை.

இதன் விளைவை டி. கல்லுப்பட்டி, பேரையூர், திருமங்கலம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு காணலாம். மானாவாரிக் காடு வானத்தைப் பார்க்கின்றது. நிலமில்லாதவன் சிவகாசிப் பக்கம் மருந்து வேலைக்குப் போகின்றான். இரண்டும் வேண்டாம், பிள்ளையாவது நாற்காலியில் உட்காரட்டும் என்று தகப்பன் கடன் வாங்கிப் படிக்க வைக்கின்றான். அந்தப் பிள்ளை குரூப் 4 பரீட்சைக்கு மனுப் போடுகின்றது. 2022இல் அந்தப் பரீட்சைக்கு அறிவிக்கப்பட்டவை 7,301 இடங்கள்; மனுப் போட்டவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர்! இந்த முந்நூறு பேரும் தங்களுக்குள், “உன் ஜாதி என் இடத்தை எடுத்துக் கொண்டது” என்று சண்டை போட்டுக் கொள்ளுகின்றார்கள். இடங்களைக் குறைத்தவனை மாத்திரம் யாரும் கேட்பதில்லை. பந்தியில் சோற்றைக் குறைத்துவிட்டு, சாப்பிடுகிறவர்களைச் சண்டைக்கு விட்டுவிட்டுப் போகிற தந்திரத்தை நாம் அறிய வேண்டாமா?

வெளிநாட்டில் இதே விஷயம் எப்படி நடந்தது என்பதையும் பார்ப்போம். மலேசியாவில் 1969 மே 13ந் தேதி கலவரத்திற்குப் பிறகு, 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை ஏற்பட்டது. கம்பெனிச் சொத்துக்களில் மலாய்க்காரர் முதலிய பூமிபுத்திரரின் பங்கை இருபது வருஷத்தில் 30 சதவிகிதமாக்குவது அதன் குறி. 1985, 86இல் வியாபாரம் மந்தமானபோதும், 1997, 98இல் பண மதிப்பு விழுந்தபோதும், 2009இலும் அந்தக் கொள்கையின் கட்டு தளர்த்தப்பட்டது. யாருக்காக? முதல் போட வருகின்ற அந்நிய முதலாளிக்காகவும், பங்கு மார்க்கெட்டுக்காகவும்! நெருக்கடி தீர்ந்தபின் வேறு பெயரில் கொள்கை தொடர்ந்தது. அரசியல் சட்டத்தின் 153ஆவது ஷரத்தும், 1957 முதல் 2018 வரை ஆட்சியை நடத்திய அம்னோ கட்சியும் அதைத் தாங்கின. மலாய் விவசாயியின் பிள்ளை படித்து முன்னுக்கு வந்ததை நாம் குறை சொல்ல மாட்டோம், அது நியாயமே. ஆனால் அதே கொள்கை, இன வித்தியாசமின்றி வறுமையை ஒழிப்பதாகவும் வாக்குக் கொடுத்திருந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, குடியிருந்த லயத்தையும் இழந்து தெருவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளிக்கு அந்த வாக்கு எவ்வளவு தூரம் நிறைவேறிற்று? 2007 நவம்பரில் கோலாலம்பூர் தெருவில் இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் திரண்டதே அதற்குப் பதில். ஸ்தாபனம் பலமாயிருந்தால் விதி பிழைக்கும் என்பது அங்கும் மெய்யாயிற்று. ஆனால் நெருக்கடியில் அந்த விதி யாருக்காக வளையும் என்பதை, ஸ்தாபனத்தில் குரல் உள்ளவன் தீர்மானிக்கின்றான். குரல் இல்லாதவன் நல்ல காலத்திலும் வெளியே. கெட்ட காலத்திலும் வெளியே.

மலேசியாவைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. 1928இன் பன்னிரண்டில் தாழ்த்தப்பட்டவனுக்கு ஒன்றுதான் வைக்கப்பட்டது. பார்ப்பனரல்லாதார் என்ற ஐந்திலும், படித்து நிலம் வைத்திருந்த மேல்ஜாதிகளே முன்னால் நின்றன. பிற்பட்டோருக்குத் தனி இடம் வர 1947 ஆயிற்று. மிகவும் பிற்பட்டோருக்கு 20 சதவிகிதம் வர 1989 ஆயிற்று. அருந்ததியருக்கு வர 2009 ஆயிற்று. இடம் சுருங்கும்போது, ஒரு வகுப்பின் பெயரால் வருகின்ற பங்கை அந்த வகுப்பில் முன்னேறியவனே முதலில் எடுத்துக் கொள்ளுவான். பார்ப்பானிடம் நாம் கேட்ட கேள்வியை நம்மிடம் நமக்குக் கீழே இருக்கிறவன் கேட்டால் கோபித்துக் கொள்ள நமக்கு உரிமையில்லை.

ஆகவே, வகுப்புரிமையில் நம்பிக்கையுள்ளவர்கள் சதவிகிதத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்பதோடு திருப்தியடையக் கூடாது என்று சொல்லுகின்றோம். இனிமேல் நாம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, கணக்கு. எந்த இலாகாவில் எத்தனை இடம், எத்தனை காலி, எத்தனை வருஷமாகக் காலி, எந்த வகுப்பார் எத்தனை பேர் என்பதை வருஷந்தோறும் சட்டசபையின் மேஜையில் வைக்க வேண்டும். எல்லா ஜாதிகளையும் கணக்கெடுத்து முழுதும் வெளியிட்டது 1931 ஜனக்கணக்கோடு சரி. 1941இல் யுத்தத்தையும் செலவையும் சாக்குச் சொல்லி ஜாதிக் கணக்கைத் தொகுக்காமல் விட்டார்கள். அன்று சிக்கனம் செய்த ஒரு காரியத்திற்கு எண்பது வருஷத்துக்கு மேல் வட்டி கட்டிவிட்டோம். ஜாதியைக் கணக்கெடுப்பதாக மத்திய சர்க்கார் 2025இல் அறிவித்திருப்பதை, கணக்கு அச்சாகிக் கைக்கு வரும் வரையில் நாம் விடக் கூடாது.

இரண்டு, ஆட்குறைப்புக்கும் முறை வேண்டும். எடுப்பதற்கு வகுப்புமுறை உண்டென்றால், குறைப்பதற்கும் அது ஏன் இருக்கக் கூடாது? எந்தச் சிக்கன உத்தரவும், அதனால் எந்த வகுப்பின் பங்கு எவ்வளவு குறையும் என்று சொல்லாமல் வெளிவரக் கூடாது.

மூன்று, பணம் ஜனங்களுடையது என்றால் முறையும் ஜனங்களுடையதாக வேண்டும். சர்க்கார் வேலையைச் செய்கின்ற காண்ட்ராக்டரும், சர்க்காரிடம் நிலமும் வரிச்சலுகையும் வாங்குகின்ற கம்பெனியும், தாங்கள் வைக்கும் ஆட்களில் எல்லா வகுப்பாரும் இருக்கின்றார்களா என்று காட்டக் கடமைப்பட்டவர்கள்.

நான்கு, இடம் குறைகின்ற காலத்தில் கடைசியில் நிற்பவனுக்கு முதல் இடம். இதை மேலே இருக்கிறவன் ஒப்புக் கொள்ளுகின்றானோ இல்லையோ, நாம் நமக்குள்ளேயே முதலில் ஒப்புக் கொள்ள வேண்டும்.

தேர்தல் வரும்போது ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும், எந்தக் கட்சிக்காரரானாலும், “வகுப்புரிமையைக் காப்போம்” என்றே சொல்லுவார்கள். அதைக் கேட்டுக் கைதட்டி அனுப்பிவிடாதீர்கள். “சதவிகிதம் இருக்கட்டும், சென்ற வருஷம் எத்தனை இடம் நிரப்பினீர்கள்? எத்தனை இடத்தைக் காண்ட்ராக்டருக்குக் கொடுத்தீர்கள்?” என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேளுங்கள். பதில் எண்ணாக வந்தால் ஓட்டைப் பற்றி யோசிக்கலாம். பதில் பேச்சாக வந்தால் அவரைப் பக்கத்து ஊருக்கு வழியனுப்புங்கள்.